கப்பல் கிளம்பிய அன்று ஊறப்போட்ட தோல்

1

அம்மா போன் செய்தால் இரண்டு விஷயம் பேசுவாள். அந்த இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும். அன்றைக்கும் அப்படித்தான்.

"டிவில இன்னா இன்னாவோ காட்றான். ஒண்ணும் வாணாம், புள்ளையையும் அவரையும் இட்டுனு கிளம்பி வந்துடு," என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அடுத்தது வந்தது. "ஆமா, சிலிண்டர் வருமா வராதா? பதிஞ்சு எத்தினி நாளாச்சு. உங்க ஊர்லர்ந்துதான வருது?"

என் ஊர் ஆம்பூர். அம்மா இருப்பதும் ஆம்பூர். ஆனாலும் அவள் 'உங்க ஊர்' என்று சொன்னால் அது தோஹா. எப்போது மாற்றினாள் என்று தெரியவில்லை. கல்யாணமான புதிதில் 'உங்க ஊர்' என்றால் சத்துவாச்சாரி, என் மாமியார் வீடு. என் ஊர் நகர்ந்துகொண்டே இருக்கிறது, அதை நகர்த்துவது அம்மாதான்.

"அம்மா, நான் வந்துட்டா கப்பலை யார் அனுப்புறது?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

அம்மா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"அப்போ கேஸ் வந்த அப்புறம் வா," என்றாள்.

தப்பு என்னுடையது. தோஹாவுக்கு வடக்கே ஒரு எரிவாயு ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். கப்பலில் ஏற்றும் எரிவாயுவில் மாதிரி எடுத்துச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதை முதல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, 'நான் கையெழுத்து போட்டாதான் கப்பல் கிளம்பும்' என்று கொஞ்சம் மசாலா சேர்த்துச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் தெருவில் யார் வீட்டில் அடுப்பு அணைந்தாலும் அம்மாவிடம் வந்துதான் விசாரிக்கிறார்கள்.

கப்பலில் போவது வேறு எரிவாயு, சிலிண்டரில் வருவது வேறு எரிவாயு என்று பலமுறை விளக்கியிருக்கிறேன். சிலிண்டர் சரக்கும் எங்கள் ஆலையின் இன்னொரு ஓரத்தில் ஏறத்தான் செய்கிறது, அதை நான் பார்ப்பதில்லை. இதையும் விளக்கினேன். அதனால் அம்மாவுக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. இப்போதெல்லாம் எனக்கும் அப்படித்தான்.

2

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து பன்னிரண்டு வருடம் முடிகிறது. கணவர் கேக் வாங்கிவந்தார். பெட்டியின் மேல் கடைக்காரன் 'ஹேப்பி பர்த்டே' என்று எழுதியிருந்தான். யாருடைய பிறந்த நாள் என்று மகள் கேட்டதற்கு, 'நம்ம விசாவுக்கு' என்றார் அவர். பிரபுவுக்கு எதையும் லேசாக எடுத்துக்கொள்ளத் தெரியும். ஒரு கார் ஷோரூமில் கணக்குப் பார்க்கிறார். எனக்கு இருக்கிற கவலையில் பாதி அவருக்கு வரவேண்டியது, வழி தவறி என்னிடம் வந்துவிட்டது.

வருவதற்கு முன்னால் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஆலையின் சோதனைக்கூடத்தில் இருந்தேன். பதப்படுத்திய தோலில் ஒரு சின்னத் துண்டை வெட்டிக் கொதிநீரில் போடுவேன். சுருங்கினால் பதம் போதவில்லை, திரும்ப டிரம்முக்குப் போகவேண்டியதுதான். சுருங்காமல் கிடந்தால் சரக்கு தேறிவிட்டது. இங்கே என் கைக்கு வரும் எரிவாயு, பனிக்கட்டியே வெட்கப்படுகிற குளிரில் திரவமாக இருக்கிறது. அங்கே கொதிக்கிற தண்ணீர், இங்கே இப்படி ஒரு குளிர். வெளியே வந்தால் நாற்பத்தைந்து டிகிரி வெயில். உடம்பு எதைத்தான் நம்பும்?

என் அண்ணன் குமரேசன் அந்தத் தோல் உலகத்தைவிட்டு வெளியே வரவில்லை. பேரணாம்பட்டில் ரஹீம் பாயின் ஆலையில் டிரம்மை வாடகைக்கு எடுத்து, அடுத்தவர்களின் தோலைப் பதப்படுத்திக் கொடுக்கிறான். டிரம் என்றால் வீட்டில் தண்ணீர் பிடித்துவைக்கிற டிரம் இல்லை. ஓர் அறை அளவுக்கு மர உருளை. மோட்டாரில் சுற்றும், உள்ளே தோலும் தண்ணீரும் மருந்தும் புரளும். அண்ணன் கைபட்ட தோல் இத்தாலி வரை போய் ஷூவாகியிருக்கிறது. அதில் ஒன்றுகூட அவனுடையது இல்லை.

எனக்கும் அவனுக்கும் ஒரு பேச்சு இருந்தது. முதல் தடவை என்னை விமானம் ஏற்ற வந்தபோது, உள்ளே போகிற வாசலில் நின்று சொன்னான்.

"எனக்குன்னு சொந்தமா ஒரு லாட் போட்டு அது நல்லா நின்னுட்டா, பக்கத்துலயே ஒரு ரூம் எடுத்து லேப் வெச்சுக் குடுக்கறேன், பாப்பா. நீ வந்து பாத்துக்கோ. எவன்கிட்டயும் போயி கைகட்டி நிக்க வாணாம்."

லாட் என்றால் சொந்தக் காசில் தோல் வாங்கி ஒரே தொகுப்பாகப் பதப்படுத்துவது. ஒவ்வொரு விடுமுறையிலும் அதையே சொன்னான். ஒவ்வொரு விடுமுறையிலும் நானும், "நீ மொதல்ல லாட் போடு அண்ணா, அடுத்த பிளைட்ல வர்றேன்," என்றேன். அவன் போடவில்லை, நானும் போகவில்லை. இருவருக்கும் வசதியாகத்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இந்த வருடம் அவன் போட்டுவிட்டான். ஈரோட்டுப் பக்கம் போய்த் தானே பார்த்துப் பொறுக்கி ஆட்டுத்தோல் வாங்கிவந்து, உப்புப் போட்டு பாயின் கிடங்கில் அடுக்கிவிட்டான். போட்டோ அனுப்பினான். மடித்து மடித்து வைத்த உப்புத் தோல் அடுக்குக்குப் பக்கத்தில், கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

3

அப்போதுதான் கடலில் பிரச்சினை ஆரம்பித்தது.

இந்த வளைகுடாவிலிருந்து கப்பல் வெளியே போக ஒரே வாசல்தான். எங்கள் ஆம்பூரில் ரயில்வே கேட் போட்டால் இந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம், அந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம். கடல் வாசலான இந்த ஜலசந்தியும் அவ்வளவுதான். யாரோ யாரையோ மிரட்டினார்கள், வேறு யாரோ பதிலுக்கு மிரட்டினார்கள். எண்ணெய் விலை ஏறிவிட்டது.

ரஹீம் பாய் அண்ணனின் போனை வாங்கிப் பேசினார். "இன்னாமா, விலை ஜாஸ்தி ஆச்சாமே. உனக்கு போனஸ்தான் போ."

"இல்ல பாய். விலைதான் ஏறியிருக்கு. கப்பல் போனாதான விக்க முடியும்? கப்பல் போகுமான்னு தெரியல."

"அரே, அப்போ இது இன்னா விலை? யாருக்குத்தான் லாபம்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். பாய் தன் கணக்கைச் சொன்னார். எண்ணெய் ஏறினால் ரெக்சின் ஏறும், ஏனென்றால் ரெக்சின் எண்ணெயிலிருந்துதான் வருகிறது. ரெக்சின் ஏறினால் தோலுக்கு மவுசு வரும். ஆகவே நமக்கு நல்லது. ஆனால் ஷூவின் அடிப்பாகமும் எண்ணெயிலிருந்துதான் வருகிறது, ஒட்டுகிற பசையும் அப்படியே, கப்பல் கூலியும் ஏறும். ஆகவே நமக்குக் கெட்டது. "பேஜார்தான் போ," என்று முடித்து போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டார். உலகத்து நிபுணர்கள் எல்லாம் டிவியில் அரைமணி நேரம் கோட் போட்டுக்கொண்டு பேசுவதும் கிட்டத்தட்ட இதையேதான்.

அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. நான் 'அத்தியாவசியப் பணியாளர்'. கணவரும் மகளும் 'சார்ந்திருப்போர்'. சார்ந்திருப்போரை ஊருக்கு அனுப்ப விரும்பினால் கம்பெனி டிக்கெட் போடும். ஆம், இல்லை, பிறகு சொல்கிறேன் என்று மூன்று கட்டம். பிரபு மூன்றாவதைத் தட்டிவிட்டுப் பல் தேய்க்கப் போனார்.

மறுநாள் ஆலை வாசலில் அத்தியாவசிய ஆட்களை மட்டும் உள்ளே விட்டார்கள். காவலர் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் விசாவில் எந்த மகராசன் தட்டினானோ, பன்னிரண்டு வருடமாக என் அட்டையில் தொழில் 'உதவி எழுத்தர்' என்றே இருக்கிறது. அதை மாற்ற என் பட்டச் சான்றிதழில் வேலூரில் ஒருவர், சென்னையில் ஒருவர், டெல்லியில் இருவர் முத்திரை குத்தவேண்டும். ஒரு விடுமுறையில் பாதி தூரம் போனேன், மீதி அப்படியே நிற்கிறது.

"எழுத்தர் அத்தியாவசியம் இல்லை, சகோதரி. வீட்டுக்குப் போ," என்றார் காவலர், மரியாதையாக.

சோதனைக்கூடத் தலைவர் வந்து அழைத்துப் போகும்வரை வெயிலில் நின்றேன். நான் இல்லாமல் கப்பல் கிளம்பாது என்கிற ஊரும், நீ வேண்டாம் வீட்டுக்குப் போ என்கிற வாசலும் ஒரே வாரத்தில்.

4

வெள்ளிக்கிழமை, எனக்கு விடுமுறை மாதிரி ஒரு அரை நாள். காலையில் ஒரு கப்பலுக்கு மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாம்பாருக்குப் பருப்பு வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கூப்பிட்டான்.

"பாப்பா, ஊற போடலாமா?"

தோல் வேலை தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். உப்பில் இருக்கும் தோல் காத்திருக்கும். மாதக்கணக்கில் கிடக்கும், ஒன்றும் ஆகாது. தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டால் அப்புறம் அது யாருக்காகவும் காத்திருக்காது. ஊறல், சுண்ணாம்பு, முடி எடுப்பு, சதை எடுப்பு, கழுவல் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடி, குரோம் என்கிற மருந்தில் புரண்டு நீலமாக வெளியே வரவேண்டும். அந்த நீலத்துக்கு வந்துவிட்டால் திரும்பவும் எத்தனை மாதம் வேண்டுமானாலும் கிடக்கும். நடுவில் நின்றால் போச்சு. டிரம் சுற்றாமல் நின்று, வெயிலும் சேர்ந்துகொண்டால் தோல் அழுகிப் பிசுபிசுக்கும்.

அண்ணனின் பயம் கரன்ட். கரன்ட் போனால் ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல். செய்தியைப் பார்த்துவிட்டு ஊரில் பங்க்குகளில் வரிசை நிற்கிறதாம். எல்லாம் கடல் பண்ணுகிற வேலை என்றால், கடலைப் பற்றி என்னைத்தானே கேட்கவேண்டும்?

"அண்ணா, எங்களுது கேஸ். டீசல் வேற. அது வேற கப்பல், வேற கம்பெனி."

"கடல் ஒண்ணுதான?"

கடல் ஒன்றுதான். வாசலும் ஒன்றுதான்.

"கப்பல்லாம் போவுதா, அத்த மட்டும் சொல்லு."

"காலைல ஒண்ணு கிளம்பிச்சு. நான்தான் சாம்பிள் எடுத்தேன்."

"அப்போ சரி."

"இன்னா சரி?" என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். பருப்பு பொங்கியது, அடுப்பைக் குறைக்க ஓடினேன். மறுநாள் காலை போட்டோ வந்தது. தொட்டி நிறையத் தண்ணீர், அதில் அவனுடைய தோல். கீழே எழுதியிருந்தான்: 'உன் வாய் முகூர்த்தம்.'

கப்பல் கிளம்பியது என்றுதான் சொன்னேன். ஊறப்போடு என்று சொல்லவில்லை. ஆனால் அவன் கேட்டதும் நான் சொன்னதும் அவனுக்கு ஒரே விஷயம். யோசித்துப் பார்த்தால் அவன் கணக்கில் பெரிய தப்பும் இல்லை. உலகச் சந்தையில் கோடி கோடியாகப் போடுகிறவர்களும் ஏதோ ஒரு கப்பல் கிளம்பியதைப் பார்த்துத்தானே போடுகிறார்கள்?

5

என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. நாலு வயதில் இங்கே வந்தவள். ஆங்கிலத்தில் கனவு காண்கிறாள், இந்தியில் சண்டை போடுகிறாள், அரபியில் கடைக்காரரிடம் விலை குறைக்கிறாள். தமிழ் அவளுக்கு சாப்பாட்டு மொழி. 'போதும்', 'இன்னும் கொஞ்சம்', 'காரம்' என்பதில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆம்பூருக்குப் போனால் மாமாவிடம் 'ஹாய்' என்பாள், கிளம்பும்போது 'பை' என்பாள். நடுவில் போன். அண்ணனும் அவளைத் தொந்தரவு செய்யமாட்டான். 'வெளிநாட்டுப் புள்ள' என்று ஒதுங்கிப் போவான். இதில் எனக்கு மனக்கசப்பு உண்டு. யார் மேல் என்றுதான் தெரியாது.

கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் செயலி ஒன்று இருக்கிறது. கடல் படத்தில் ஒவ்வொரு கப்பலும் ஒரு சின்ன அம்பு. அண்ணன் ஊறப்போட்ட செய்தி கேட்டு நான் பதறியதைப் பார்த்துவிட்டு அவளே அதை இறக்கி, நான் மாதிரி எடுத்த கப்பலைத் தேடிப்பிடித்தாள். அப்படியே மாமாவுக்கும் படமெடுத்து அனுப்பிவிட்டாள்.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு தொடங்கியது. நான் பக்கத்து அறையில் துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

"மாமா, கப்பல் தூங்குது."

"தூங்குதா? இன்னாமா சொல்ற?"

"நிக்குது. ஒரே இடத்துல. நேத்துலர்ந்து."

நங்கூரம் என்ற சொல் அவளுக்குத் தெரியாது. ஆனால் விஷயம் சரிதான். ஜலசந்திக்கு இந்தப் பக்கமே நிற்கும்படி கப்பல்களுக்கு உத்தரவு வந்துவிட்டது என்று மதியம் அலுவலகத்தில் சொன்னார்கள். எங்கள் சரக்கும் காத்திருக்கத் தெரியாத சரக்கு. எண்ணெய் என்றால் தொட்டியில் கிடக்கும், உப்பில் கிடக்கிற தோல் மாதிரி. குளிரவைத்த எரிவாயு அப்படி இல்லை. கப்பல் சும்மா நின்றாலும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். இதைச் சொன்னதும் அண்ணன் சட்டென்று பிடித்துக்கொண்டான். "அட, அதுவும் ஊற போட்ட கேசுதானா!" என்றான். அவன் குரலில் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது, துணைக்கு ஆள் கிடைத்த மாதிரி.

அதற்கு அடுத்த நாள் யாழினி வேகமாக ஓடிவந்தாள். போனில் ஏற்கெனவே அண்ணன் இருந்தான்.

"அம்மா, பாரு! கப்பல் ரோட்டுல நிக்குது!"

பார்த்தேன். அம்பு கடலில் இல்லை. தரையில், பாலைவனத்துக்கு நடுவே, நெடுஞ்சாலை ஓரமாக ஓர் இடத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"கப்பல் எப்படிமா ரோட்ல நிக்கும்?" என்றான் அண்ணன். "வாலாஜா டோல்கேட்ல நிக்குதுன்னு சொல்லுவ போல."

செயற்கைக்கோள் சமிக்ஞையை யாரோ கலைக்கிறார்களாம். அதனால் கப்பல்கள் எல்லாம் இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டுகிறதாம். ஒன்று விமான நிலையத்தில் நின்றது. நான்கைந்து ஒரே மணல்மேட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. நான் விளக்கினேன். யாழினி புரிந்துகொண்டாள். அண்ணன், "அப்போ நான் ஊற போட்ட அன்னிக்கு கிளம்பிச்சே, அதுவாவது நெசமா?" என்று கேட்டான்.

"அது நெசம் அண்ணா. நான் கண்ணால பாத்தேன்."

அதைச் சொல்லும்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. பார்த்தது நிஜம்தான். கிளம்புவது என்றால் என்ன? கட்டை அவிழ்த்தால் கிளம்பினதா? வாசலைத் தாண்டினால் கிளம்பினதா? பன்னிரண்டு வருடமாக இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

6

பேரணாம்பட்டில் கோடைமழை காற்றோடு அடித்தது. இரண்டு மின்கம்பம் சாய்ந்து கரன்ட் போய்விட்டது. கழுவி முடித்த தோல் டிரம்முக்குள் இருந்தது. குரோம் இன்னும் போடவில்லை. நிற்கவே கூடாத இடம் அதுதான்.

ஜெனரேட்டரில் இருந்த டீசல் அரை நாள் ஓடியது. அண்ணன் கேனை எடுத்துக்கொண்டு பங்க்குக்கு ஓடினான்.

"கேன்ல ஊத்த மாட்டேன்றான், பாப்பா. வண்டி டேங்க்ல மட்டும்தானாம். பதுக்கறாங்கன்னு சொல்லி ஆர்டராம். ஜெனரேட்டரைத் தூக்கினு போயா பங்க்ல நிறுத்த முடியும்?" குரல் உடைந்திருந்தது. அண்ணன் அழுது நான் கேட்டதில்லை. "என் லாட், பாப்பா. ஒரே லாட்."

அவன் அடுத்தவர் தோலைக் கெடவிட்டதே இல்லை. அவனுக்கென்று வந்த முதல் தோல்தான் இப்படி நின்றது. நான் வேலையில் இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொட்டிகள் நிறைந்து நின்றன. கப்பல் போகாததால் வைக்க இடமில்லை, உற்பத்தியைக் குறைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் எரிபொருள் வைக்க இடமில்லை, அவனிடம் ஒரு கேன் இல்லை. இரண்டுக்கும் நடுவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"வண்டில போட்டு எடுத்தா?" என்று யாழினிதான் கேட்டாள். நான் போனை வைத்ததும் வீட்டிலிருந்து மாமாவை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். அது யோசனைகூட இல்லை, பாதி விளங்காமல் கேட்ட கேள்வி. "மாமா, வண்டில போடுவாங்கன்னா, வண்டிலர்ந்து எடுக்க முடியாதா?"

அவளுக்கு முன்பே பாய்க்குத் தோன்றியிருக்கிறது. தன் டீசல் காரை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றார். அண்ணனிடம் வேலை செய்கிறவர்களில் ஒருவரின் மச்சான் பள்ளி வேன் ஓட்டுகிறவர், பள்ளி விடுமுறை, அவரும் வந்தார். தோல் ஏற்றிவந்த மினி லாரி வந்தது. வரிசையில் நின்று டேங்க்கை நிரப்புவது, ஆலைக்கு வந்து டியூப் போட்டு உறிஞ்சி ஜெனரேட்டருக்கு விடுவது, திரும்பவும் வரிசைக்குப் போவது. பங்க் பையன் மூன்றாவது முறை, "பாய், எங்க சுத்தறீங்க இவ்ளோ?" என்று கேட்டானாம். "மாப்பிள்ளை பாக்கறோம்," என்றாராம் பாய்.

குரோம் போட்டார்கள். டிரம் சுற்றியது. இரவெல்லாம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. காலையில் எழுந்தபோது போட்டோ இருந்தது. மர உருளையின் வாயிலிருந்து நீல நீலமாகத் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டிருந்தான். சுருங்கவில்லை.

'கொதிக்க வெச்சு பாத்தேன். நின்னுடுச்சு,' என்று எழுதியிருந்தான். 'லேப் ஆளு இல்லன்னு நானே பண்ணேன்.'

நான் அழுதேன். யாழினி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "இன்னா மாமா இது, ஏன் ப்ளூ?" என்று குரல் செய்தி அனுப்பினாள். 'இன்னா' என்கிறாள் என் மகள்.

7

வாசல் திறந்துவிட்டது. யார் யாருக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அம்புகள் பாலைவனத்திலிருந்து கடலுக்குத் திரும்பின. விலை இறங்கியது. ஏறும்போது கவலைப்பட்ட அதே ஆட்கள் இறங்கும்போதும் கவலைப்பட்டார்கள். அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலில் அந்த மூன்று கட்டங்களும் இப்போது இல்லை. பிறகு சொல்கிறேன் என்றவர்கள் பிறகு என்ன சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா கூப்பிட்டாள். வழக்கமாக இரண்டு விஷயம் பேசுகிறவள், இந்த முறை ஒன்றுதான் பேசினாள்.

"சிலிண்டர் வந்துடுச்சு. நீ எப்போ வர்ற?"

"கேஸ் வந்த அப்புறம் வா" என்று அவள் சொன்னது எனக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை.

அண்ணனின் லாட்டைக் கான்பூர்க்காரர் ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். ஆலைக்குப் பின்பக்கம் ஒரு அறையைப் பாய் ஒழித்துக் கொடுத்தாராம். வெள்ளையடித்து, தண்ணீர்க் குழாய் இழுத்து, நான் நின்று வேலை பார்க்கிற உயரத்துக்கு மேடை கட்டி, வீடியோ எடுத்து அனுப்பினான். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். இனி என் முறை.

சந்தோஷப்படவேண்டிய இடம். எனக்குப் பயம்தான் வந்தது. அந்தத் தோல் டிரம்முக்குள் நின்றபோது அது கெடக்கூடாது என்று நான் வேண்டியது நிஜம். அந்த வேண்டுதலுக்கு அடியில் இன்னொன்று இருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன். கெட்டுப்போனால் இன்னும் சில வருடம் 'நீ மொதல்ல லாட் போடு' என்று சொல்லிக்கொண்டு இருக்கலாமே என்று. இல்லை என்று சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

யாழினியிடம் கேட்டேன், ஊரில் போய் இருக்கலாமா என்று. "லீவுக்குதானே?" என்றாள். அந்த அறை வீடியோவைப் பார்த்து, "மாமா சூப்பர்," என்றும் சொன்னாள். இரண்டையும் ஒரே முகத்தோடு சொன்னாள். பிரபு பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நீ சொல்லு, நான் பொட்டி கட்டறேன். வாணாம்னாலும் சொல்லு, டீ போடறேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை அண்ணன் கூப்பிட்டான்.

"இன்னா பாப்பா, எப்போ வர்றன்னு சொல்லவே இல்லியே?"

"யாழு பரீட்சை இருக்கு அண்ணா. அப்புறம் அட்டைல தொழில் மாத்தணும், அதுக்கே டெல்லி வரைக்கும் முத்திரை வாங்கணும். இங்கயும் இப்பதான் கப்பல்லாம் ஒழுங்கா..."

"கிளம்பிடுச்சு, ஆனா வாசலைத் தாண்டலன்ற," என்று சிரித்தான். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேச்சுக்குப் பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்தான், ஆனாலும் கேட்டேன்.

"அது இன்னா சத்தம்?"

"டிரம்தான். ரெண்டாவது லாட். செவ்வாக்கிழமையே ஊற போட்டுட்டேன்."

என்னிடம் கேட்கவில்லை.